ஆப்-களுக்கு வைப்போம் ஆப்பு!



புது லேப்டாப் வாங்கியாச்சா? அப்பா பி.எஃப். லோன் போட்டிருக்கலாம், அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். எப்படியோ வீட்டுக்கு வந்துவிட்டது, மூடி மேல் குங்குமமும் வைத்தாயிற்று. பவர் பட்டனை அமுக்கினால்... ஸ்டார்ட் மெனுவில் ஏற்கெனவே ஒரு ஊரே குடியிருக்கிறது! நீங்கள் கேட்காத கேம், நீங்கள் கேட்காத நியூஸ், 'உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆபத்து' என்று பூச்சாண்டி காட்டும் ஆன்டிவைரஸ், கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்கூட நீங்கள் பார்த்திராத எக்ஸ்பாக்ஸ். கிரகப்பிரவேசத்துக்குப் போனால் உள்ளே பத்துப் பேர் பாய் விரித்துப் படுத்திருப்பது மாதிரி!

இதற்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பேர் ப்ளோட்வேர். நாம் 'ஓசி குடித்தனம்' என்று வைத்துக்கொள்வோம். யாரைக் காலி செய்யலாம், யாரைத் தூங்க வைத்தால் போதும், யார் மேல் கையே வைக்கக் கூடாது... இதுதான் இந்த வார மேட்டர். மூன்றாவதைப் படிக்காமல் முதலாவதில் இறங்குகிறவர்கள்தான் சர்வீஸ் சென்டர் வாசலில் டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் இவர்கள் எப்படி உள்ளே வந்தார்கள்? லேப்டாப் விற்பதில் கம்பெனிக்கு நிற்கும் லாபம் ரொம்ப மெல்லிசு. ஆன்டிவைரஸ் கம்பெனியும் கேம் கம்பெனியும், 'எங்க சரக்கையும் சேர்த்து ஏத்தி அனுப்புங்க' என்று காசு கொடுக்கும்போது அந்த லாபம் கொஞ்சம் தடிக்கிறது. டவுன் பஸ் முதுகில் ஜவுளிக்கடை விளம்பரம் ஒட்டுகிற மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே பஸ்ஸையே காசு கொடுத்து வாங்கியது நீங்கள்.

இதில் ஒரு காமெடி உண்டு. 2008 மார்ச்சில் சோனி, தன் வயோ லேப்டாப் ஒன்றுக்கு 'ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்று ஒரு வசதியைக் கொடுத்தது. எக்ஸ்ட்ரா சாஃப்ட்வேர் எதுவும் இல்லாமல் சுத்தமாக அனுப்புவார்கள். அதற்குக் கட்டணம் சுமார் 50 டாலர்! அதாவது குப்பையைக் கொட்டுவது ஃப்ரீ, கொட்டாமல் இருக்கத்தான் காசு. வாடிக்கையாளர்கள் கிழி கிழி என்று கிழித்ததும், கட்டணத்தைச் சோனி உடனே தூக்கிவிட்டது.

அடுத்தது காமெடி இல்லை. 2014-ன் பிற்பகுதியில் விற்ற சில லெனோவா லேப்டாப்களில் 'சூப்பர்ஃபிஷ்' என்று ஒரு சாஃப்ட்வேர் முன்கூட்டியே இருந்தது. நீங்கள் நெட்டில் பார்க்கும் பக்கங்களுக்குள் விளம்பரத்தைச் செருகுவதுதான் அதன் வேலை. பேங்க் சைட்டில் பூட்டுப் படம் தெரியுமே, அந்தப் பூட்டுக்குள்ளும் புகுவதற்காக அது தன் சொந்த சர்ட்டிஃபிகேட் ஒன்றை விண்டோஸில் பதித்து வைத்திருந்தது. அந்த சர்ட்டிஃபிகேட்டின் ரகசியச் சாவி எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி! 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்ததும், அமெரிக்காவில் ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அந்தச் சாவியின் பாஸ்வேர்டைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டார். பாஸ்வேர்டு வேறொன்றும் இல்லை, அந்தத் தொழில்நுட்பத்தைச் செய்த கம்பெனியின் பெயரேதான். சாவி கையில் கிடைத்த யாரும், அதே வைஃபையில் உட்கார்ந்துகொண்டு போலி பேங்க் சைட்டை நிஜம் மாதிரியே காட்டலாம். கொடுமை என்னவென்றால், சூப்பர்ஃபிஷ்ஷை அன்இன்ஸ்டால் செய்தாலும் அந்த சர்ட்டிஃபிகேட் போகாது. அதைத் தேடித் தனியாக அழிக்க வேண்டியிருந்தது. 2017-ல் லெனோவா அமெரிக்க அரசோடும் 32 மாநிலங்களோடும் சமரசத்துக்கு வந்தது. மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டியது. 'சும்மா ஒரு ஓரமா கிடந்துட்டுப் போகுது' என்று எல்லாவற்றையும் விட முடியாது என்பதற்காகத்தான் இந்தக் கதை.

அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டுவதும் வேண்டாம் பாஸ். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது சும்மா கிடக்கிறதா, ஓடிக்கொண்டிருக்கிறதா?

சும்மா கிடக்கிற ஆப் ஹார்டு டிஸ்க்கில் இடத்தைத்தான் பிடிக்கும், வேகத்தைக் குறைக்காது. சாலிட்டேர் நீங்கள் திறக்கும் வரை தேமே என்று கிடக்கும். ஆனால் நீங்கள் கூப்பிடாமலே காலையில் லேப்டாப்போடு சேர்ந்து எழுந்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் வில்லன்கள். விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. உங்களிடம் இருப்பது அந்த 4 ஜிபி அல்லது 8 ஜிபி. அதில் கூப்பிடாத விருந்தாளிகள் ஆளுக்கொரு பிடி அள்ளினால் மிச்சத்தில் என்ன சமைப்பது? நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூவின் ஆன்லைன் டெஸ்ட். கேமரா ஆனில் இருக்க வேண்டும், பிரவுசர் தொங்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து நாலு அப்டேட்டர் கிளம்பி வந்தால், போவது உங்கள் வேலை.

ஆகவே முதல் ஆப்பு ஸ்டார்ட்அப்புக்கு. (விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. எனவே 11-ஐ வைத்தே சொல்கிறேன்.) கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்ற பக்கத்தைத் திறந்தால் லேப்டாப்போடு சேர்ந்து விழிக்கிற எல்லார் பெயரும் வரிசையாக இருக்கும். பக்கத்திலேயே 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்று யார் எவ்வளவு தாமதப்படுத்துகிறார்கள் என்ற கணக்கும் இருக்கும். மியூசிக் ஆப், சாட் ஆப், கேம் லாஞ்சர் எல்லாவற்றையும் ரைட் கிளிக் செய்து 'டிஸேபிள்' கொடுங்கள். பயமே வேண்டாம், எதுவும் அழியாது. நீங்கள் ஐகானைத் தட்டினால் வழக்கம் போல வேலை செய்யும். தட்டாமல் வராது, அவ்வளவுதான். சவுண்டு, டச்பேடு, கிராஃபிக்ஸ் சம்பந்தப்பட்ட பெயர்களை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

பத்து நிமிஷ வேலை. பாதிப் பேருக்கு இதோடு பிரச்னை தீர்ந்துவிடும். இதற்கு மேல் படிக்காமல் டீ குடிக்கப் போனாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

காலி செய்ய வேண்டியவர்கள்

மிச்சம் இருப்பவர்களுக்கு செட்டிங்ஸ், அதில் ஆப்ஸ், அதில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்'. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று புள்ளி. அதைத் தட்டினால் 'அன்இன்ஸ்டால்' வரும். கேம்கள், ட்ரையல் சாஃப்ட்வேர்கள், லேப்டாப் கம்பெனியின் 'ஸ்பெஷல் ஆஃபர்' ஆப் எல்லாவற்றையும் இங்கேயே வழியனுப்பலாம். சில ஆப்களுக்கு அதே இடத்தில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' இருக்கும். உள்ளே பேக்கிரவுண்டு அனுமதியை 'நெவர்' என்று மாற்றினால், மூடிய பிறகும் பின்னால் ஓடுகிற வழக்கம் நிற்கும். அன்இன்ஸ்டால் செய்ய மனசு வரவில்லையா? இது நல்ல சமரசம்.

எல்லாவற்றிலும் முக்கியமாகத் துரத்த வேண்டியது அந்த ட்ரையல் ஆன்டிவைரஸ். கொஞ்ச நாள் ஓசியில் ஓடும். பிறகு சிவப்புக் கலரில் 'பாதுகாப்பு முடிந்தது, உடனே புதுப்பியுங்கள்' என்று தினமும் கத்த ஆரம்பிக்கும். நமக்காவது பரவாயில்லை. இதை அப்பா பார்த்தால்? 'ஐயோ, லேப்டாப் போச்சே' என்று பதறிப்போய் கார்டு நம்பரைத் தட்டிவிடுவார். விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்று ஓர் ஆன்டிவைரஸ் ஓசியாக இருக்கிறது. வேறொரு ஆன்டிவைரஸ் உள்ளே இருந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். அந்த வேறொன்றை நீக்கினால் தானாகவே மறுபடி காவலுக்கு வந்துவிடும். நீக்கிய பிறகு 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து பச்சை டிக் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், போதும். சில ஆன்டிவைரஸ்கள் அன்இன்ஸ்டால் செய்தாலும் வாலை விட்டுவிட்டுப் போகும். அவற்றுக்கென்றே தனி நீக்கும் டூலை அந்தந்தக் கம்பெனியே தன் சைட்டில் வைத்திருக்கும். அங்கிருந்து மட்டும் எடுங்கள்.

தப்பித் தவறிக்கூட அவசரத்தில் தூக்கிவிடக் கூடாத ஒன்று உண்டு. ஆஃபீஸ். நம் ஊரில் பல லேப்டாப்களில் ஆஃபீஸ் ஹோம் எடிஷனும் விலையிலேயே சேர்ந்து வருகிறது. பெட்டியிலோ பில்லிலோ அப்படிப் போட்டிருந்தால் அது ஓசி குடித்தனம் இல்லை, நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. குறிப்பிட்ட நாட்களுக்குள் ஆக்டிவேட் செய்ய வேண்டும், அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு ஒட்டிக்கொள்ளும். கடைக்கார அண்ணன் தன் மெயில் ஐ.டி-யைப் போட்டு ஆக்டிவேட் செய்ய விடாதீர்கள். உங்கள் ஐ.டி-தான்.

ஒன்டிரைவ்: நிதானம் தேவை

இப்போது கொஞ்சம் சீரியஸாகப் பேச வேண்டிய இடம். 'ஒன்டிரைவ் ஃபுல், ஒன்டிரைவ் ஃபுல்' என்று கத்துகிறதே என்று கடுப்பில் அதை அன்இன்ஸ்டால் செய்து, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் காணோம் என்று கண் கலங்குகிறவர்கள் ஏராளம். ஃபைல் பெரும்பாலும் எங்கேயும் போயிருக்காது. ஆனால் ரெவ்யூவுக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதை யார் நம்புவார்கள்?

நடப்பது இதுதான். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு புது லேப்டாப்பை ஆரம்பிக்கும்போது, பல சமயம் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் சத்தமில்லாமல் ஒன்டிரைவுக்குள் இடம் மாறிவிடுகின்றன. ஓசியில் கிடைப்பது 5 ஜிபி. டூர் போட்டோ நாலு போட்டால் நிரம்பிவிடும். நிரம்பியதும் 'காசு கட்டுங்க' ஆரம்பம். அதோடு, எல்லா ஃபைலும் நிஜமாகவே உங்கள் லேப்டாப்பில் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது நெட்டில் மட்டும்தான் இருக்கிறது. பச்சை டிக் இருந்தால் இங்கேயும் இருக்கிறது.

எனவே வரிசை முக்கியம். முதலில் ஒன்டிரைவ் ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, ரைட் கிளிக்கில் 'எப்போதும் இந்த டிவைஸில் வைத்திரு' என்ற அர்த்தத்தில் வரும் ஆப்ஷனைக் கொடுங்கள். மேகங்கள் எல்லாம் பச்சையாகும் வரை பொறுமையாக இருங்கள். ஹாஸ்டல் வைஃபை என்றால் ராத்திரி முழுக்கக்கூட ஆகலாம். அடுத்து, கீழே டாஸ்க்பாரில் இருக்கும் மேகத்தைத் தட்டி, அதன் செட்டிங்ஸில் ஃபோல்டர் பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியானது மாதிரி தெரியலாம். ஷாக் ஆகாதீர்கள். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'டெஸ்க்டாப்' என்ற ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். அவற்றைக் காப்பி செய்து பழைய இடத்தில் வையுங்கள். கட் இல்லை, காப்பி! ஏனென்றால் இணைப்பு இருக்கும் வரை இங்கே எடுத்தால் அங்கேயும் போய்விடும். ஒரு பென் டிரைவிலும் ஒரு காப்பி. கடைசியாக, அக்கவுன்ட் பகுதியில் 'அன்லிங்க்', அதற்கப்புறம்தான் அன்இன்ஸ்டால்.

இதையெல்லாம் படித்தபின் 'வேணாம் சாமி, இருந்துட்டுப் போகட்டும்' என்று தோன்றுகிறதா? பேக்கப்பை மட்டும் நிறுத்தி, ப்ராஜெக்ட் ஃபோல்டரை மட்டும் ஒன்டிரைவில் வைத்துக்கொள்வதும் நல்ல ஐடியாதான். லேப்டாப்பைப் பஸ்ஸில் தவறவிட்டாலும் ப்ராஜெக்ட் மிஞ்சும். கேட்காமல் எடுத்துக்கொண்டதுதான் நம் கோபம், ஒன்டிரைவ் மேல் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை.

கை வைக்கக் கூடாதவர்கள்

பெயரைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, ஆனால் எடுத்தால் வீடு இடியும் என்கிற ரகம் சில உண்டு. 'விஷுவல் சி++' என்று ஏழெட்டு வரிசையாக நிற்கும். ஒரே சாமான் எதற்கு எட்டு என்று ஏழை அழித்தால், அதை நம்பியிருந்த கேமும் கேட் சாஃப்ட்வேரும் படுத்துவிடும். 'வெப்வியூ2' இன்னொன்று. எட்ஜின் தம்பி என்று நினைத்துத் தூக்கினால் வேறு சில ஆப்களின் திரையே வெள்ளையாகிவிடும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரையும் விட்டுவையுங்கள், நாளைக்கு ஏதாவது திரும்ப வேண்டுமென்றால் வாசல் அதுதான். லேப்டாப் கம்பெனியின் ஆப்களில், பேட்டரி 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி, பயாஸ் அப்டேட் இரண்டையும் தருகிறது என்றால் அதற்கு மரியாதை கொடுத்து வைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்பாக்ஸ் கேம் பார் ஒரு விசித்திரமான கேஸ். பிடிவாதமாகப் பிடுங்கி எறிந்தால், அப்புறம் ஏதாவது கேமைத் திறக்கும்போதெல்லாம் 'இந்த லிங்க்கைத் திறக்க புது ஆப் வேணும்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். செத்தும் கெடுத்தான் கதை! கேமே ஆடாதவர்கள் தாராளமாக நீக்கலாம். ஆடுகிறவர்கள் செட்டிங்ஸின் கேமிங் பகுதியில் அதன் ஷார்ட்கட்டை அணைத்து, பேக்கிரவுண்டை நிறுத்தினால் போதும்.

'ரீகால்' பற்றியும் கேட்பீர்கள். திரையில் நீங்கள் பார்ப்பதையெல்லாம் படம் பிடித்து, பிறகு தேடிக் கொடுக்கும் வசதி. 2024 மே மாதம் அறிவித்தார்கள். 'என்னப்பா, என் மேலயே சி.ஐ.டி. வைக்கிறியா?' என்று உலகமே சத்தம் போட, தள்ளிப்போட்டு, நீங்களே ஆன் செய்தால்தான் ஓடும் என்று மாற்றி 2025 ஏப்ரலில் விட்டார்கள். 16 ஜிபி ரேமும் தனி ஏ.ஐ. சிப்பும் உள்ள 'கோபைலட் பிளஸ்' வகை லேப்டாப்களில் மட்டும்தான் அது உண்டு. உங்களிடம் அந்த வகை இருந்தால், 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' என்று தேடித் திறந்து, ரீகால் பக்கத்து டிக்கை எடுத்துவிட்டால் மொத்தமாகவே போய்விடும். உங்க பின் நம்பர் ரூம் முழுக்கத் தெரிந்த ஹாஸ்டலில் நான் அதை ஆன் செய்ய மாட்டேன்.

சரி, எட்ஜ் பிரவுசர்? நம் ஊர் லேப்டாப்பில் அதற்கு எதிரே 'அன்இன்ஸ்டால்' அழுத்த முடியாமல் மங்கிக் கிடக்கும். 'விண்டோஸின் உறுப்பு சார், எடுத்தால் உயிர் போயிடும்' என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டதால், 2024-லிருந்து ஜெர்மனியிலும் பிரான்சிலும் அதே விண்டோஸ் 11-ல் எட்ஜைச் சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்யலாம். உயிர் ஒன்றும் போகவில்லை! முதன்முதலாக லேப்டாப்பை ஆன் செய்யும்போது எந்த நாடு என்று கேட்கிறதே, அந்தப் பதிலை வைத்துத்தான் பட்டன் தெரிவதா வேண்டாமா என்று விண்டோஸ் முடிவு செய்கிறது. போனில் இதே கேள்வி இந்தியாவிலும் வந்தது. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டு, முன்கூட்டியே வரும் கூகுள் ஆப்களை நீக்க விட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை வைத்துக்கொண்டு, அந்த உத்தரவை எடுத்துவிட்டது. பட்டன் எங்கே இருக்கிறது என்பது சிப்பிலும் கோடிலும் மட்டும் முடிவாகிற விஷயம் இல்லை மக்களே. லா காலேஜ் நண்பர்கள் யாராவது ப்ராஜெக்ட் டாபிக் தேடினால், எடுத்துக்கொள்ளலாம்.

அதுவரை எட்ஜை அடக்கி வைக்க வழி உண்டு. அதன் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்', மூடிய பிறகும் பேக்கிரவுண்டில் ஓடுவது, இரண்டையும் அணையுங்கள். (மேக் வைத்திருக்கும் பணக்கார நண்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் செஸ் ஆப்பை டிலீட் செய்து காட்டுங்கள் பார்ப்போம்!)

'ஒரே கிளிக்கில் எல்லா குப்பையும் காலி' என்று சீனியர் யாராவது ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பினால் கும்பிடு போட்டுவிடுங்கள். அட்மின் அனுமதியோடு அது என்னென்ன செய்யும் என்று வரி வரியாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது. மற்றவர்களுக்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆபரேஷன். முழுக்கச் சுத்தமான விண்டோஸ்தான் வேண்டும் என்றால், மைக்ரோசாஃப்ட் சைட்டிலேயே கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை ஏற்றி, புதிதாகப் போடுங்கள். விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் லைசென்ஸ் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே இருக்கும், தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். 'ரீசெட்' கொடுத்தால் கம்பெனி வைத்த சில ஆப்கள் திரும்ப வந்து உட்காரும், அதனால்தான் பென் டிரைவ் வழி. இறங்கும் முன் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள், வைஃபை டிரைவரைத் தனியாக டவுன்லோட் செய்து வையுங்கள். டிரைவரே இல்லாமல் நெட் இல்லை, நெட் இல்லாமல் டிரைவர் இல்லை என்று மாட்டிக்கொண்டால் யாராலும் காப்பாற்ற முடியாது.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எக்ஸ்ட்ரா டிப்ஸ். வைஃபை செட்டிங்ஸில் அந்தக் கனெக்‌ஷனை 'மீட்டர்டு' என்று குறித்துவிடுங்கள். ஸ்டோர் ஆப்கள் தாமாக அப்டேட் ஆவது நிற்கும், ஒன்டிரைவும் அடங்கும், காலையில் போட்ட டேட்டா மதியத்துக்காவது வரும். காலேஜ் வைஃபை கிடைக்கும்போது மட்டும் அப்டேட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள்.

பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்று வந்து போனால், துரத்தியவர்களில் ஒன்றிரண்டு பேர் திரும்ப வந்திருக்கலாம், புதுசாகவும் யாராவது குடியேறியிருக்கலாம். அன்றைக்கு ஒரு தடவை டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தை எட்டிப் பாருங்கள். செட்டிங்ஸின் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்திலும் கீழே கடைசியில் 'டிப்ஸ் தரட்டுமா, யோசனை சொல்லட்டுமா' என்கிற ரகத்தில் சில டிக்குகள் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.